மறுமொழி பார்க்காத சோதனை

"எத்தினையாம் வகுப்புச் சோதனை எடுத்தனி?" என்று கேட்டேன். கடை வாசலில் நின்ற பையன் சட்டென்று திரும்பித் தெருவைப் பார்த்தான். அங்கே அவன் ஓட்டி வந்த முதலாளியின் மோட்டார் சைக்கிள் நின்றது. "யாரு சோதன பண்றாங்கக்கா? போலீசா?" என்றான். அவனுக்கு வயது பதினேழு, ஓட்டுநர் உரிமம் கிடையாது. எங்கள் ஊரில் சோதனை என்றால் பரீட்சை. இங்கே சோதனை என்றால் போலீஸ்காரர் வண்டியை மறித்துக் காகிதம் கேட்பது, அல்லது கடவுள் நல்லவர்களுக்குக் கொடுப்பது. இந்தக் கரைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதில் பெரும்பகுதி சென்னை கொரட்டூரில்தான் கழிந்தது. ஆனாலும் யோசிக்காமல் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது யாழ்ப்பாணத்து வடமராட்சிச் சொல்தான்.

கடல் கடந்து போன நம்மவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள், வாயில் நுழையாத பாஷையைப் பற்றி எழுதுகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கிற என் சித்தி மகள் கதவைத் திறந்தால் வேறு மொழி. நான் கதவைத் திறந்தாலும் தமிழ்தான். அதுதான் வில்லங்கம். வேற்று மொழிக்காரருக்கு விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பார்கள். ஒரே மொழிக்காரர் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருமுறை விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்ப ஒரு அம்மா வந்தார். தன் பெயரையே இரண்டு தடவை அடித்து எழுதினார். "ஆறுதலா இருந்து எழுதுங்கோ" என்றேன். அவசரப்படாமல் எழுதுங்கள் என்பதுதான் நான் சொன்னது. அவர் பேனாவை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். கணவர் செத்ததிலிருந்து ஆறுதல் என்ற சொல்லை யாரும் தன்னிடம் சொல்லவில்லையாம். நான் அர்த்தத்தைத் திருத்தப் போகவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

என் கடை ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் ஃபோட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். கடை என் கணவர் பெயரில். அவர் இந்த ஊர்க்காரர், அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு நான் அகதி முகாமிலிருந்து வேலைக்கு வந்துபோன காலத்தில் பழகிக் கட்டிக்கொண்டோம். கல்யாணத்தால் எனக்கு மாமியார் வீடு கிடைத்தது, இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் ஆதார், சாதிச் சான்று, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் கண்ணாடியில் கவிழ்த்துப் படியெடுக்கிறேன். என்னுடையதாக இருப்பது ஒரு அகதி அட்டை.

அன்று வந்த பையன் லோகேஷ். ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் வேலை பழகுகிறவன். அவனோடு அவன் சித்தி மகள் நந்தினி வந்திருந்தாள். அவளுக்கும் பதினேழு. எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பிசகு பார்ப்பது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாவது வாங்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருந்தார்கள். திறந்தநிலைப் பள்ளி, இவர்கள் வாயில் ஓப்பன் ஸ்கூல். ஐந்து பாடம் எடுத்தால் போதும். ஒரே தடவையில் எல்லாவற்றிலும் தேற வேண்டியதில்லை. தேறிய பாடம் தேறியதுதான், மிச்சத்தைப் பிறகு எழுதலாம். இந்த விண்ணப்பங்களை நான் நிறையப் போட்டிருக்கிறேன். விண்ணப்பம் போடுவது பத்து நிமிட வேலை. போடலாமா வேண்டாமா என்பதுதான் நேரம் எடுக்கும். அதைக் கேட்க இந்தப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு வர யாரும் கூச்சப்படுவதில்லை.

"எனுக்கு ரெண்டு பேப்பர் பூட்ச்சுக்கா. கணக்கு, சயின்ஸ்" என்றான் லோகேஷ். "அத்த மட்டும் எழுதுனா போதுமா, இல்ல ஓப்பன்ல முழுசா போடணுமா?"

"உனக்கு ஓப்பன் தேவையில்லை. மூண்டு பாடம் பாஸ்தானே. தனித்தேர்வரா ரெண்டை மட்டும் எழுது. ஜூன், ஜூலையில துணைத் தேர்வு வரும்."

"அது சீசன் டைம்க்கா. மார்ச்சுலேர்ந்து ஜூலை வரிக்கும் மூச்சு உட முடியாது. இந்த ஒரு சீசன் ஒயுங்கா வேல கத்துக்கினா அடுத்த வருசம் நானே தனியா சர்வீஸ் போவேன்." கொஞ்சம் யோசித்தான். "எழுத மாட்டேன்னு சொல்லல. இப்ப இல்ல."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இப்ப இல்லை என்பவர்கள் பிறகு வருவதில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அவன் முகத்தில் குழப்பமே இல்லை. அவன் என்னிடம் முடிவு கேட்டு வரவில்லை. எடுத்த முடிவுக்கு முன்னால் பள்ளம் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துப் போகத்தான் வந்திருந்தான். இரண்டு பேப்பரும் எங்கேயும் ஓடிப்போகாது என்று மட்டும் சொன்னேன்.

நந்தினி அதுவரை சுவரில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள். 'பத்தாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ்' என்று அதில் இருந்தது.

"சமம்னா இன்னாக்கா?" என்றாள். "பத்தாவதா, பத்தாவது மாதிரியா?"

இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. "பத்தாவதுதான். மேல படிக்கலாம், வேலைக்குக் குடுக்கலாம்" என்றேன். "அப்ப எதுக்குச் சமம்னு போட்டுக்கீறாங்க?" என்றாள். இந்த ஊரில் நானும் ஒரு 'மாதிரி'தான். ஊர்க்காரி மாதிரி, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி, தேர்தல் நாளில் கடையைச் சாத்துகிறவள் மாதிரி. அதை அவளிடம் சொல்ல முடியாது. அதனால் வேறு எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசர் பயிற்சிக்குப் பத்தாவது கேட்பார்கள், கணக்கு கட்டாயமில்லை என்றாலும் சேர்த்து எடுத்தால் பிறகு டிப்ளமோவுக்கு வழி இருக்கும், இந்த வயதில் விட்டால் பிடிக்க முடியாது. நான் பேசப் பேச அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "சொல்றேன்க்கா" என்று எழுந்து போனாள். பிள்ளையிடம் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை என்பது அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

ஏன் அப்படிப் பேசினேன் என்று எனக்குத் தெரியும். ஊரில் நான் ஓ.எல். சோதனை, இங்கத்தைய பத்தாவது, எழுதிய மார்கழி, சண்டை ஓய்ந்திருந்த ஒரு சின்ன இடைவெளி. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டு எட்டுப் பாடமும் எழுதினேன். கணிதம் எழுதிவிட்டு வெளியே வந்தபோது வட்டத்தைப் பற்றிய ஒரு கேள்வியை விட்டுவிட்டேன் என்று ஒரு சினேகிதியிடம் சொன்னது நினைவிருக்கிறது. மறுமொழி ஆனியில் வரும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் சோதனை முடிவுக்குப் பெயர் மறுமொழி. ஆனியில் சண்டை வந்தது. பள்ளிக்கூடத்தில் சனம் வந்து தங்கியது. ஆவணியில் அப்பா, அம்மா, நான் மூவரும் வள்ளம் ஏறினோம். தம்பியைப் பெரியப்பா வீட்டில் விட்டு வந்தோம். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவோம் என்பது அப்பாவின் கணக்கு. மறுமொழி வந்ததா, வந்தால் யார் வாங்கினார்கள், எதுவும் தெரியாது.

முகாமில் அம்மா முதலில், "என்ர மகள் ஓ.எல். எடுத்தவள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்தவள் என்றால் எழுதியவள். கேட்கிறவர்களுக்கு அது தேறியவள் என்று விளங்கியது. அம்மா திருத்தவில்லை. அடுத்த வருடம் அது "நல்லாப் பாஸ் பண்ணினவள்" ஆகியது. அதற்கடுத்த வருடம் எட்டுப் பாடத்திலும் அதிதிறமைச் சித்தி, அதாவது டி, ஆக உயர்ந்த பாஸ். எல்லாவற்றையும் இழந்து வந்த சனத்துக்கு நடுவில் அம்மாவிடம் காட்டுவதற்கு இருந்த ஒரே நகை அது. நானும் போட்டுக்கொண்டேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் கழற்றவில்லை.

ஒரு வாரம் கழித்து நந்தினியின் அம்மா வசந்தி வந்தாள். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. சீருடையோடு நேராக வந்திருந்தாள். ஆதார், ஃபோட்டோ, பழைய பள்ளிச் சான்று எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

"அவ கெடக்கிறா. நீ போட்டுடுக்கா" என்றாள். "அப்பால நா சொல்லிக்கிறேன்."

"பிள்ளை ஓம் எண்டு சொன்னவளோ?"

"எத்த?"

"சரின்னு சொன்னாளா?"

"அவ இன்னா சொல்றது. நா தொடைக்கிற தரையில நடந்து போற பொண்ணுங்களுக்கு இவ வயசுதான்க்கா ரெண்டு மூணு கூட. கழுத்துல கார்டு மாட்டிகினு போவுதுங்க. நா நிமிந்து பாக்கிறதே இல்ல. பாத்தா இவ மூஞ்சி தெரியுது."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கணினியைத் திறந்து தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல், மனையியல் என்று குறித்தேன். ஐந்தாவது இடத்தில் ஒரு நொடிதான் தயங்கினேன். கணக்கைக் குறித்தேன். வசந்திக்குச் சந்தோஷம். பதிவு எண்ணை உறுதிசெய்யக் கைப்பேசிக்கு ஒரு செய்தி போகும். அது போனது நந்தினியின் கைப்பேசிக்கு.

வேலை விட்டதும் வந்தாள். சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"என் பேர்ல இன்னாக்கா போட்டீங்க?"

"உன்ர அம்மா வந்தவ, பிள்ளை..."

"எழுதப் போறது நானா எங்கம்மாவா?" கணினித் திரையைப் பார்த்தாள். "கணக்கு வேற போட்டுக்கீறீங்க."

"இருந்தா நல்லது எண்டுதான்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது அவள் எட்டாவது. பாடம் எல்லாம் போனில். "எங்க ஊட்ல ஒரே போனு. அத்த எங்கப்பா வேலைக்கு எடுத்துகினு பூடுவாரு. எட்டாவது நா படிக்கவே இல்லக்கா. பாஸ் போட்டுட்டாங்க. ஒம்போதாவதும் பாதிதான். பத்தாவது போய் உக்காந்தா போர்டுல எழுதுறது ஒண்ணுமே புரியல. ஒரு நாளு கணக்கு சாரு போர்டாண்ட வந்து போடுனு சொன்னாரு. தெரியாதுன்னேன். நில்லுன்னாரு. பீரியடு முடியிற வரிக்கும் நின்னேன். அவரு மறந்துட்டாரு. வேணும்னு பண்ணல. எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க." பையின் வாரை இழுத்தாள். "அரையாண்டோட நின்னுட்டேன். பெயிலாவல. நின்னுட்டேன். இப்ப எழுதி ஊத்திக்கிச்சுன்னா பெயிலு. எங்க கம்பெனி லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நீங்க பாஸ் பண்ணவங்க. உங்களுக்கு அது தெரியாதுக்கா."

வழக்கமாக என்னிடம் ஒரு சிரிப்பு இருக்கிறது. அம்மா சொல்லித் தந்த சிரிப்பு. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நகர்ந்துவிடலாம். அன்று அது வரவில்லை.

"நான் பாஸோ பெயிலோ எண்டு எனக்கே தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா?"

"மறுமொழி பார்க்கேல்ல."

"இன்னா மொழி?"

"ரிசல்ட். ரிசல்ட் வர முதல் இஞ்ச வந்திட்டம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சட்டையைப் புரட்டிப் பிசகு தேடுகிற கண் அது. "இவ்ளோ வருசமாவா?"

"ஓம்."

"நம்பரு ஞாபகம் இருக்குதா?"

எங்கள் ஊரில் அதற்குச் சுட்டெண் என்று பெயர். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கல்யாண நாளே எனக்குச் சிலவேளை மறந்துபோகும். அந்த இலக்கம் மறந்ததில்லை. நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப பாருங்கக்கா. இப்ப எல்லாம் தேடி எடுக்கலாம்ல."

"இனி என்னத்துக்கு?"

"என்னிய எழுதச் சொல்றீங்க. நீங்க எழுதுனதையே பாக்க மாட்டேன்றீங்க."

அவள் கண் முன்னாலேயே அந்த விண்ணப்பத்தை அழித்தேன். வசந்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் சொன்னபோது வசந்தி என்னோடு பேசாமல் போய்விட்டாள். அன்றிலிருந்து எதிர்ப்பக்கத்து நடைபாதையில்தான் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஊரில் இருக்கிற தம்பிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அக்கா, அம்மா எட்டும் டி எண்டவ" என்றான். அவனும் நம்பியிருக்கிறான். அவனுடைய மகள் துளசிதான் விண்ணப்பம் எழுதி, அலைந்து, என் மறுமொழியை எடுப்பித்தாள். அவளும் அந்த வருடம் ஓ.எல். எழுத இருந்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. ஒரு மத்தியானம் யாருடையதோ ரேஷன் அட்டையைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது துளசியின் குரல் வந்தது. "மாமி, வந்திட்டுது. அப்பா பார்க்க முதல் நான் பார்த்திட்டன். அனுப்பவோ?" அவள் குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

தமிழ் டி. சமயம் சி. வரலாறு சி. மற்ற நான்கும் சாதாரணச் சித்தி, வெறும் பாஸ். கணிதம் எஃப்.

ரேஷன் அட்டைக்காரர் இரண்டு பிரதி கேட்டிருந்தார். நான் ஐந்து எடுத்துவிட்டேன். முதலில் நினைவு வந்தது அம்மா. பிறகு அந்த வட்டக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு வெட்கம், பதினாறு வயதில் வந்திருக்க வேண்டியது, முடி நரைத்த பிறகு வந்து நின்றது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆச்சரியமாக, வெட்கத்துக்கு அடியில் பாரம் ஒன்றும் இல்லை. சண்டை வராமல் இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தில் ரீச்சராகியிருப்பேன் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். சண்டை வராமல் இருந்திருந்தால் நான் மார்கழியில் கணிதம் திருப்பி எழுதியிருப்பேன், அவ்வளவுதான். அதை எழுதவிடாமல் செய்தது சண்டை என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் இவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "சர்தான். பெயிலான ஆளு கையிலயா இத்தினி வருசம் கடைய குட்த்துட்டு லேத்துக்குப் போய்க்கினு இருந்தேன்" என்றார். அன்று மீன் குழம்பு அவரே வைத்தார்.

சனிக்கிழமை நந்தினி வந்தபோது தாளை அவளிடம் கொடுத்தேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடித்த தாள். தமிழ் இருக்கிற இடத்தை விரலால் தேடிப் பிடித்து வாசித்துக்கொண்டு போனாள். விரல் நின்றது.

"எஃப்னா?"

"பெயில்."

"கணக்கா?"

"கணக்கு."

அவள் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை. தெரியாத ஊரில் பஸ்ஸில் நம் தெருக்காரர் ஒருவரைக் கண்டால் வருமே, அந்தச் சிரிப்பு. "அக்கா, நீங்களுமா" என்றாள். தாளை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு என் கடையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், கணினி, சுவரில் நான் எழுதி ஒட்டிய அறிவிப்புகள்.

இந்த முறை நான் கேள்வி கேட்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று. செக்கிங்கில் பிசகு கண்டுபிடிப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கண்டுபிடித்ததை எழுதி மேலே அனுப்புகிற இடத்துக்கு வேறு யாரோ வருகிறார்கள். அந்த இடம் வேண்டும். அதற்குப் பத்தாவது போதும், கணக்கு வேண்டியதில்லை என்று உண்மையைச் சொன்னேன். கணக்கு எடுத்தால் என்ன திறக்கும், எடுக்காவிட்டால் என்ன மூடும் என்பதையும் சொன்னேன். எழுதாமல் விட்டாலும் அவள் கெட்டுப்போக மாட்டாள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"போடுங்க" என்றாள். "கணக்கும் போடுங்க."

"வடிவா யோசிச்சியோ?"

"வடிவாவா?"

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். ஊத்திக்கிச்சுன்னா இன்னாக்கா, ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிக்கிறேன்."

பதிவு எண் செய்தி அவள் கைப்பேசிக்கு வந்தது. அவளே வாசித்துச் சொன்னாள், நான் தட்டினேன். வெளியே வசந்தி எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். நந்தினி எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வசந்தி திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டீ சொல்லவாக்கா?" என்றாள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவையில் நான்கு பாடம் தேறினாள். கணக்கு போய்விட்டது. கடைக்கு வந்து, "ஊத்திக்கிச்சுக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் லைனில் நடந்த வேறு ஏதோ கதையைச் சொல்லத் தொடங்கினாள். அடுத்த தடவை மயிரிழையில் தேறினாள். சூப்பர்வைசர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், இன்னும் கூப்பிடவில்லை. லோகேஷ் இன்றுவரை எழுதவில்லை. இப்போது உரிமம் எடுத்து, தனியாகச் சர்வீஸ் போகிறான், கொளுத்தும் வெயிலில் மொட்டை மாடிகளில் ஏறி நிற்கிறான். அவன் முடிவு பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. பார்க்கும்போதெல்லாம், "ரெண்டு பேப்பரும் பத்திரமா இருக்குதாக்கா?" என்று அவனே கேட்டுச் சிரிக்கிறான்.

ஆனால் ஊரில் இருக்கிற உங்களுக்கும், எங்கெங்கோ இருக்கிற உங்களுக்கும் நான் சொல்ல நினைத்தது அந்த முதல் கணக்குப் பரீட்சை நாளைப் பற்றி. மே மாதம், ஆவடியில் ஒரு பள்ளிக்கூடம், பரீட்சை மத்தியானம் இரண்டரைக்கு. வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கடையைச் சாத்திவிட்டு நந்தினியோடு மின்சார ரயிலில் போனேன். வழி முழுக்க அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சூத்திரமா சாமி பெயரா என்று நான் கேட்கவில்லை. கேட்டுக்குள் போகும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த வருடம் எங்கள் ஊரிலும் ஓ.எல். பரீட்சை தள்ளித் தள்ளி மே மாதத்துக்கு வந்திருந்தது. துளசிக்கு அன்று விஞ்ஞானம். காலையில், "மாமி, போயிட்டு வாறன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். இரண்டு கரைக்கும் கடிகாரம் ஒன்றுதான். அவள் பின்னேரப் பேப்பரில் குனிந்திருந்த நேரத்தில்தான் இவள் ஆவடியில் மேசை தேடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் கேட்டை விட்டு நகரவில்லை. காவலாளி ஒரு வயதானவர். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"இன்னாம்மா, இங்கியே நிக்கிற? அஞ்சரைக்குத்தான் உடுவாங்க. போய் நெழல்ல குந்து."

"பிள்ளை எழுதுது, ஐயா."

"ஒரே பொண்ணா?"

"ரெண்டு பேர் எழுதுகினம்."

"ரெண்டு பேரும் இங்கியேவா?"

"இல்லை. ஒண்டு இஞ்ச. மற்றது அந்தப் பக்கம்." கையைத் தெற்கே நீட்டினேன்.

அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கை காட்டிய திசையைப் பார்த்தார். பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியது.

"பூந்தமல்லி சென்டரா?" என்றார்.

"அதுக்கும் கொஞ்சம் அங்கால" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினார். உள்ளே மணி அடித்தது.